மைக்கக்காவும் செயலிக்குள் இருந்த அக்காவும்

பேருந்து நிலையத்தில் அவளை எல்லோரும் மைக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டுநர்கள், நடத்துனர்கள், சுமை தூக்குகிறவர்கள், தேநீர்க் கடைக்காரர் என்று யாருக்கும் அவளுடைய சொந்தப் பெயர் தேவைப்பட்டதில்லை. நடைமேடைகளுக்கு மேலே, இரும்புப் படி ஏறிப் போனால் வரும் கண்ணாடி அறையில் அவள் உட்கார்ந்திருப்பாள். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம், எந்தக் குழந்தை அம்மாவைக் காணாமல் அழுகிறது என்பதையெல்லாம் அவள் சொல்லித்தான் நிலையம் தெரிந்துகொள்ளும். பேசுவதற்கு முன் மின்விசிறியை நிறுத்துவாள். இல்லாவிட்டால் ஒலிபெருக்கியில் காற்று இரையும். மைக்குக்கு முன்னால் தொண்டையைச் செருமுவது மரியாதை இல்லை என்பது அவள் கட்சி. அவள் “தயவுசெய்து” என்று சொன்னால், வண்டியைப் பிடிக்கத் தலைதெறிக்க ஓடுகிறவன்கூட இரண்டடி நடந்துவிட்டுத்தான் மறுபடி ஓடுவான்.

வீட்டில் அந்தக் குரல் வேறு. பணிமனையில் டயர் மாட்டும் வேலை பார்த்த அவள் கணவர், “மேல உக்காந்தா தேனா ஒழுகுது, படி இறங்கினா மிளகாய்ப்பொடி” என்பார். அவள் மறுத்ததில்லை. “ஊருக்குக் கொடுத்த மிச்சம்தான் வீட்டுக்கு” என்பாள்.

அந்த மிச்சத்தில் பெரும்பங்கு தம்பிக்குப் போனது. தம்பி, நிலையத்துக்குப் பின்தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தான். மனைவி பிரிந்து போனதிலிருந்து அவன் பேச்சு குறைந்து, கடை, கண்ணாடி, கத்தரிக்கோல் என்று சுருங்கிப் போயிருந்தான். மதியத்தில் கடையில் ஆள் வராத நேரம் பார்த்து மைக்கக்கா சாப்பாட்டுத் தூக்கோடு போவாள். சோற்றைப் போட்டுக்கொண்டே திட்டுவாள். சட்டையைத் துவைக்கவில்லை என்று ஒரு திட்டு, மருந்து சாப்பிடவில்லை என்று ஒரு திட்டு. அவனும் கேட்டுக்கொண்டே சாப்பிடுவான்.

ஒரு நாள் அவள் போனபோது கடையில் இருந்த இரண்டு சுழல் நாற்காலிகளில் ஒன்றைக் காணோம். அது நின்ற இடத்தில் தரையில் நான்கு ஆணித் துளைகள் மட்டும் வட்டமாகத் தெரிந்தன.

“நாற்காலி எங்கடா?”

“ரிப்பேருக்குப் போயிருக்கு.”

“நாற்காலிக்கு என்னடா ரிப்பேரு, அதுக்கு மூட்டுவலியா?”

அவன் பதில் சொல்வதற்குள், சீப்புகளுக்கும் பவுடர் டப்பாவுக்கும் நடுவில் கிடந்த அவன் கைப்பேசி பேசியது.

“தம்பி, சாப்டியா?”

மைக்கக்காவுக்கு முதலில் தான்தான் பேசிவிட்டோம் என்று தோன்றியது. கண்ணாடியில் பார்த்தாள். தன் வாய் மூடித்தான் இருந்தது. கைப்பேசி விடவில்லை.

“காலையில ஒரே ஒரு மணிதான் தப்பிப் போச்சு. பரவாயில்ல விடு. இப்ப கடை சும்மாதானே இருக்கு? வா, உனக்கு இலவசச் சுற்று எடுத்து வச்சிருக்கேன்.”

அதே குரல். “பரவாயில்ல” என்று சொல்லும்போது வரும் அதே நெளிவு, வாக்கிய முடிவில் மூச்சை மெதுவாக விடும் அதே பழக்கம். ஆனால் அவள் தம்பியிடம் ஒரு நாளும் பேசியிராத கனிவு. தம்பி பாய்ந்து கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். அவள் அதை நிமிர்த்தினாள். திரையில் மூன்று கட்டங்கள் சுழன்று நின்றன. ஒரு மணி, இன்னொரு மணி, மூன்றாவது மணி மட்டும் கோட்டைத் தாண்டி மயிரிழையில் நழுவி நின்றது. கைப்பேசி நெஞ்சு துடிப்பதுபோல் ஒரு தரம் அதிர்ந்தது. “ச்சே!” என்று ஆதங்கப்பட்டது அவள் குரல்.

“யாருடா இது?”

தம்பி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். பணம் கட்டி ஆடும் செயலியாம். அதில் துணைக்குப் பேச ஒரு குரலைத் தேர்ந்தெடுக்கலாமாம். தோழி, அண்ணன், வாத்தியார், அக்கா. தன்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லிவிடலாம். விளையாட்டாக அக்காவை அமுக்கியிருக்கிறான். அமுக்கினால், இவள்.

“உன் குரலா இருக்கேன்னு நானும் சிரிச்சேன்க்கா. அப்புறம்... பழகிப் போச்சு.”

“எதுடா பழகிப் போச்சு? நாற்காலி போனதா?”

“அந்த அக்கா திட்ட மாட்டாக்கா,” என்றான்.

அவள் தூக்கை மூடினாள். அன்றைக்கு அவனைத் திட்டவில்லை. இரும்புப் படியேறிக் கண்ணாடி அறைக்குத் திரும்பியதும், தாமதமான ஒரு வண்டியைப் பற்றிச் சொல்ல மைக்கைத் திறந்தாள். தன் குரல் வெளியே போய்க் கூரைத் தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தபோது, யாரோ வேறு ஒருத்தி பேசுவதுபோல் இருந்தது. முதல் முறையாக நடைமேடை எண்ணைத் தப்பாகச் சொன்னாள்.

அந்தக் குரல் எங்கிருந்து போனது என்று அவளுக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தார் நிலையத்துக்கு வந்து அவள் பேச்சைக் கேட்டுவிட்டு, தொலைபேசி உதவிச் சேவைக்கு நல்ல குரல் வேண்டும் என்று கூட்டிப்போனார்கள். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறை. காதில் பெரிய ஹெட்போன். முன்பின் தொடர்பில்லாத வாக்கியங்களை வாசிக்கச் சொன்னார்கள். மழை வரும் போலிருக்கிறது. அந்தக் கதவைச் சாத்து. மூன்று விதமாகச் சிரிக்கச் சொன்னார்கள். சலித்துக்கொள்ளச் சொன்னார்கள். “ச்சே” என்பதைச் சொந்தக்காரர் தேர்வில் தோற்றதுபோல் ஒரு தரம், பால் பொங்கி வழிந்ததுபோல் ஒரு தரம். நல்ல சம்பளம். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் எல்லோரையும் போல அவளும் போட்டாள். அந்தத் துண்டுகளையெல்லாம் இயந்திரத்துக்கு ஊட்டினால், அவள் சொல்லாத வாக்கியத்தையும் அவள் குரலிலேயே சொல்லும் என்று அப்போது அவளிடம் யாரும் சொல்லவில்லை.

விடுப்பு எடுத்துக்கொண்டு அந்தச் செயலிக்காரர்களின் அலுவலகத்தைத் தேடிப் போனாள். கண்ணாடிக் கட்டடம். வரவேற்பில் வாசனை. சின்ன வயது நிர்வாகி ஒருத்தி வந்து கைகுலுக்கினாள். மைக்கக்கா வாய் திறந்து இரண்டு வார்த்தை பேசியதும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது.

“ஐயோ, நீங்களா! நாலாம் குரல்! இங்க எல்லாரும் உங்க ரசிகர்கள்தான் மேடம்.”

உட்காரவைத்து, குடிக்கக் கொடுத்து, பெருமையோடு திரையைக் காட்டினாள். ஏறி இறங்கும் கோடுகள். எந்த ஆட்டக்காரர் எப்போது ஓய்வாக இருக்கிறார், எந்த நேரம் மனசு தளர்கிறார், தோற்றபின் எவ்வளவு நேரம் விரல் தயங்குகிறது, எல்லாம் இயந்திரம் பார்த்துக்கொண்டே இருக்குமாம். ஒருவருக்குச் சிரித்தால் பிடிக்கும், இன்னொருவருக்குக் கொஞ்சம் கோபித்துக்கொண்டால் பிடிக்கும். மாற்றி மாற்றிப் பேசிப் பார்த்து, எதற்கு அவர் திரும்பி வருகிறாரோ அதைப் பிடித்துக்கொள்ளும்.

“மத்த குரல்லாம் கூப்பிட மட்டும்தான் மேடம். உங்க குரல்ல ‘பரவாயில்ல விடு’ன்னா, செயலிய மூடப் போனவங்ககூட உக்காந்துடறாங்க.”

“சாப்டியான்னு கேக்கச் சொன்னது யாரு?”

“யாரும் சொல்லல. இயந்திரமே கண்டுபிடிச்சது. மதியம் அப்படிக் கேட்டா நல்லா வேலை செய்யுது.” அவள் குரலில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நன்றாகப் படிக்கிற தன் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள். “இன்னும் சில உணர்ச்சிகள் பதிவு பண்ணலாமான்னு உங்களையே தேடணும்னு இருந்தோம். அழுகை இருந்தா நல்லா இருக்கும். இந்தத் தடவை மாசாமாசம் கொடுப்போம்.”

மைக்கக்கா கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

“ஏம்மா, நான் கேக்க வந்தது வேற. என் குரலை எடுத்துடுங்க.”

“அது முடியாது மேடம். அன்னிக்குப் பதிவு பண்ணவங்களுக்கு நீங்க கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டீங்க, அவங்ககிட்டயிருந்து சட்டப்படி நாங்க வாங்கிட்டோம். அதோட, அது இப்ப உங்க குரலே இல்ல. உங்க குரல் மாதிரி இருக்குற ஒண்ணு.”

“என் குரல் இல்லையா? அப்ப என் தம்பியை எதுக்கும்மா தம்பின்னு கூப்பிடுது?”

நிர்வாகி திரையை அணைத்தாள். பிறகு, தம்பியின் கணக்கு விவரம் கொடுத்தால் அவருக்கு மட்டும் குரலை மாற்றித் தருகிறோம் என்று தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“என் தம்பிக்கு மட்டுமா? மத்தவங்களுக்கு நான் அக்கா இல்லையா?” என்று எழுந்தாள் மைக்கக்கா. “அழுகை வேணும்னு கேட்டீங்கல்ல? அது என்கிட்ட இல்லம்மா. வேற எங்கயாவது பாத்துக்குங்க.”

வெளியே வந்ததும், வழக்குப் போடலாமா என்று தெரிந்த வக்கீலிடம் கேட்டாள். போடலாம், தீர்ப்பு வருவதற்குள் உங்கள் தம்பிக்குத் தலையே நரைத்துவிடும் என்றார் அவர். கணவரிடம் சொன்னாள். அவர் டயர் கறுப்புப் படிந்த கையைத் துடைத்துக்கொண்டே, “அவங்ககிட்ட இருக்குறது உன் குரலோட நகல்தானே. அசல் உன் தொண்டையிலதானே இருக்கு?” என்றார்.

அவள் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம், நிலையத்தில் கூட்டம் நெரிந்த நேரம். அவள் மின்விசிறியை நிறுத்தினாள். வழக்கமான எச்சரிக்கையைத் தொடங்கினாள்.

“பயணிகள் கவனத்திற்கு. நிலையத்தில் ஜேப்படித் திருடர்கள் நடமாட்டம் உள்ளது. உங்கள் உடைமைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும். அறிமுகம் இல்லாதவர்கள் பாசமாகப் பேசி எதைக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.”

அங்கே நிறுத்தி மைக்கை அணைத்திருக்க வேண்டும். அணைக்கவில்லை.

“உங்கள் கைப்பேசியில், ஆட்டச் செயலிக்குள் இருந்து அக்கா என்று பேசுகிறவரும் அறிமுகம் இல்லாதவரே. அந்தக் குரல் என்னுடையது. அந்தப் பேச்சு என்னுடையது அல்ல. அங்கே உங்களை யாரும் நினைத்துக்கொண்டிருக்கவில்லை. நீங்கள் ஆட்டத்தை நிறுத்தினால் எந்த அக்காவும் வருத்தப்பட மாட்டாள். நான் சந்தோஷப்படுவேன். நன்றி.”

கீழே ஒரு நடத்துனர் கிழித்துக்கொண்டிருந்த சீட்டைப் பாதியில் விட்டுவிட்டு மேலே பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த இளைஞன் ஒருவன் கையில் இருந்த கைப்பேசியையும் கூரையில் இருந்த ஒலிபெருக்கியையும் மாறி மாறிப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் இரும்புப் படி தடதடத்தது. வந்தவர் நிலைய மேலாளர் இல்லை. சட்டையெல்லாம் சிமெண்டுத் தூள் படிந்த ஒரு சுமைதூக்கி.

“நீங்கதானா அது?” என்றான்.

“நான்தான்.”

“என்னை அண்ணேன்னு கூப்பிட்டீங்களே! விட்டதை இன்னிக்குப் புடிச்சிடலாம்னு நீங்கதானே சொன்னீங்க?” அவனுக்குக் குரல் உடைந்தது. அவளைக் கண்டபடி திட்டினான். அவள் எழுந்து நின்று கேட்டுக்கொண்டாள். நான் இல்லை, இயந்திரம் என்பது வாய்வரை வந்தும் சொல்லவில்லை. அவன் மூச்சு வாங்க நிறுத்தியபோது, “திட்டி முடிச்சிட்டீங்களா? இன்னும் இருந்தா அதையும் திட்டிடுங்க. அப்புறம் அந்த சனியனை என் கண்ணு முன்னால அழிங்க” என்றாள். அவன் கைப்பேசியை நீட்டினான். அழிக்கப் போனால் செயலி அவள் குரலில், “அண்ணே, என்னை விட்டுட்டுப் போறீங்களா?” என்று கேட்டது. “ஆமாம், போறாரு!” என்று கைப்பேசிக்குள் கத்தினாள் மைக்கக்கா. அந்த ஆளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மேலாளர் சாயங்காலம் வந்தார். நல்ல மனிதர், பயந்த சுபாவம்.

“என்னம்மா இது? எழுதிக் கொடுத்ததை விட்டுட்டு உங்க இஷ்டத்துக்குப் பேசறீங்க?”

“ஜேப்படி எச்சரிக்கைதான் சார். நான் புதுசா எதுவும் சொல்லல. திருடன் இப்ப எங்க நிக்கிறான்னு அடையாளம் சொன்னேன்.”

“கம்பெனிக்காரங்க காதுக்குப் போனா?”

“அவங்க காதுலதான் நான் ஏற்கெனவே இருக்கேனே சார்.”

அடுத்த நாளும் சொன்னாள். அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு ஜேப்படி எச்சரிக்கைக்கும் பின்னால் அதே வாசகம், அதே “நன்றி”. செயலிக்காரர்களிடமிருந்து வக்கீல் அறிவிப்பு ஒன்று நிலையத்துக்கு வந்தது. மேலாளர் அதை அவள் முகத்துக்கு நேரே நீட்டக்கூடத் துணியாமல் மேசையில் வைத்துவிட்டு, இனிமேல் பொருள் பாதுகாப்பு அறைக்குப் போய்விடுங்கள் என்றார். மைக்குக்கு ஆள் வேண்டாம், பதிவு செய்த அறிவிப்பைக் கணினி ஓட்டிக்கொள்ளும்.

“அதுக்கும் என்னையே பேசித் தரச் சொல்வீங்களா சார்?”

அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதைத்தான் கேட்பதாக இருந்தார்.

“தர மாட்டேன்,” என்று சொல்லிவிட்டு, தன் தண்ணீர்க் குடுவையை எடுத்துக்கொண்டு அவள் படி இறங்கினாள்.

பொருள் பாதுகாப்பு அறையில் ஜன்னல் இல்லை. மறந்துவிட்டுப் போன குடைகள், ஒற்றைச் செருப்புகள், சூட்கேசுகள். அங்கே உட்கார்ந்து பெட்டிகளுக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். மேலே கணினிக் குரல் வண்டி போன பிறகு வண்டி வந்ததாகச் சொன்னது. பயணிகள் அங்கும் இங்கும் அலைந்து நடத்துனர்கள்மேல் பாய்ந்தார்கள். ஒரு நாள், கடுப்பான ஒரு நடத்துனர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு தன் தொண்டையில் கூவினார்: “வடக்க போறவங்க ஏறு, ஏறு! பை பத்திரம், பர்ஸு பத்திரம், செல்போன் அக்கா ஜாக்கிரதை!”

வண்டி முழுக்கச் சிரித்தது. அடுத்த வண்டிக்காரர் பிடித்துக்கொண்டார். அதற்கடுத்தவரும். அவர்களுக்குப் போட்டியாகத் தேநீர்க் கடைக்காரரும். சில வாரங்களில், ஓடும் வண்டிக்குள் எவனுடைய கைப்பேசியாவது “தம்பி” என்றோ “அண்ணே” என்றோ கொஞ்சினால் போதும், பக்கத்து இருக்கைக்காரர்கள் “ஜேப்படி! ஜேப்படி!” என்று கத்த ஆரம்பித்தார்கள். ஆட்டக்காரன் வெட்கப்பட்டு உள்ளே வைத்துக்கொள்வான். வண்டிகள் போன ஊரெல்லாம் அந்தச் சத்தமும் போனது. கேலிப் பொருளாகிவிட்ட குரலை எந்த வியாபாரி வைத்திருப்பான்? ஒரு காலையில், செயலியில் இருந்து அக்கா காணாமல் போயிருந்தாள். அறிவிப்பு இல்லை, மன்னிப்பு இல்லை.

செயலி போகவில்லை. மூன்றாவது மணி இன்னும் மயிரிழையில் நழுவிக்கொண்டுதான் இருந்தது. அது மைக்கக்காவுக்கும் தெரியும். “என்னுதை நான் புடுங்கிட்டேன். அவங்கவங்களுதை அவங்கவங்க புடுங்கட்டும்” என்றாள்.

வண்டிக்காரர்களின் தொல்லை தாங்காமல் மேலாளர் அவளை மறுபடி மேலே கூப்பிட்டார். இனி எழுதிக் கொடுத்ததை மட்டும் பேசுவேன் என்று ஒரு உறுதிமொழி கேட்டார். அவள் கொடுக்கவில்லை. “ஜேப்படிக்காரன் வேஷம் மாத்துற வரைக்கும் நானும் வாசகத்தை மாத்திக்கிட்டுத்தான் இருப்பேன் சார். வேணும்னா கீழயே இருக்கேன், எனக்கு அங்க குடைக்குப் பஞ்சமில்ல.” அவர் தலையைச் சொறிந்துவிட்டு அறைச் சாவியைக் கொடுத்தார்.

கொஞ்ச நாள் கழித்து அந்தச் சின்ன வயது நிர்வாகி தொலைபேசியில் கூப்பிட்டாள். அளவோடு ஆடுங்கள் என்று செயலியில் எச்சரிக்கை வைக்கச் சொல்லி அரசாங்கத்தில் நெருக்குகிறார்களாம். மைக்கக்காவே அதைப் பேசித் தந்தால் மக்கள் நம்புவார்களாம்.

“பேசறேனே,” என்றாள் மைக்கக்கா. “ஆனா வாசகம் நான் எழுதுவேன். வேகமா ஓட்டக் கூடாது. தாண்டிப் போக வழி வைக்கக் கூடாது. நான் பேசி முடிக்கிற வரைக்கும் உங்க சக்கரம் சுத்தக் கூடாது.”

“எவ்வளவு நேரம் பேசுவீங்க மேடம்?”

“அவன் எழுந்து வீட்டுக்குப் போற வரைக்கும்.”

மறுபடி அழைப்பு வரவில்லை.

தம்பி ஒரேயடியாகத் திருந்திவிட்டான் என்று சொன்னால் பொய். செயலியை அழித்தான், மறுபடி போட்டான், மறுபடி அழித்தான். இரண்டாவது நாற்காலி திரும்பி வரவே இல்லை. மைக்கக்கா திட்டுவதை நிறுத்தவில்லை; ஆனால் திட்டுவதற்கு முன் சாப்டியா என்று கேட்க ஆரம்பித்தாள். கேட்பது அவளுக்கு வாயில் ஒட்டாமல் கொஞ்சம் கரகரவென்று வரும். அந்தக் கரகரப்பு கைப்பேசி அக்காவிடம் இருந்ததே இல்லை என்று அவன் ஒரு நாள் சொன்னான்.

போன வாரம் அவள் தூக்கோடு நுழைந்தபோது, அவன் ஒரு கிழவருக்கு முகச்சவரம் செய்துகொண்டிருந்தான். கத்தியை நிறுத்திவிட்டு உற்சாகமாகச் சொன்னான்:

“அக்கா, அந்தப் பாவிங்க விட மாட்டேங்கறானுங்க. காலையில ஒரு ஆம்பளைக் குரல் கூப்பிட்டுச்சு. ‘மச்சான், எங்க ஆளையே காணோம்’னு.”

“நீ என்ன சொன்ன?”

“எனக்கு இருக்குறது ஒரே அக்கா, என்னை மச்சான்னு கூப்பிட அவளைக் கட்டின மாமா ஒருத்தர்தான் இருக்காரு, நீ யார்ரா நடுவுலன்னு கேட்டேன்.”

நுரை அப்பிய முகத்தோடு கிழவர் குலுங்கிச் சிரித்தார். “ஆடாம இருங்க தாத்தா, கத்தி பட்டுடும்” என்று அதட்டிவிட்டு, மைக்கக்கா தூக்கைத் திறந்தாள்.